ஸ்டியரர் இன்னும் எவ்ளோ தான் பெருசாகணும்? 1-1/8, டேப்பர்டு, 1.5, 1.8 - ஒரு அலசல்

மவுண்டன் பைக்குக்கு இன்னும் பெரிய ஸ்டியரர் (முன் சக்கரத்த புடிச்சிருக்குற ஃபோர்க்ல இருந்து மேல போய் ஃப்ரேமோட ஹெட் ட்யூபுக்குள்ள நிக்கிற குழாய்) வேணும்னு ஒரு கூட்டம், இருக்குறதே போதும், புது ஸ்டாண்டர்டுன்னு எங்க பர்ஸ காலி பண்ணாதீங்கன்னு இன்னொரு கூட்டம். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, ஆனா ஸ்டியரரோட எந்த முனைய பத்தி பேசுறோம்னு சொல்லாமலே சண்ட போடுறதால தான் இது முடியவே மாட்டேங்குது. கீழ் முனை கதை வேற, மேல் முனை கதை வேற.

கீழ பாருங்க. முன் சக்கரம் கல்லுல மோதும்போதும், முன் ப்ரேக்க இறுக்கிப் புடிக்கும்போதும் ஃபோர்க் பின்னாடி மடங்கப் பாக்கும், அந்த விசை முழுக்க வந்து உக்கார்றது கீழ் பேரிங்க ஒட்டி, ஸ்டியரர் க்ரவுனுக்குள்ள (ஃபோர்க்கோட ரெண்டு காலையும் மேல சேக்குற பகுதி) இறங்குற இடத்துல. அங்கேர்ந்து மேல போகப் போக அது குறைஞ்சுக்கிட்டே வரும், மேல் பேரிங்க தாண்டிட்டா நாம ஹேண்டில்பார இழுக்குறது, அமுக்குறது மட்டும் தான் மிச்சம்.

இப்போ கணக்கு. அதே மெட்டல், அதே சுவர் கனம்னு வச்சுக்கிட்டா ஒரு குழாயோட விறைப்பு விட்டத்தோட கனத்துக்கு, அதாவது மூணாம் அடுக்குக்கு ஏத்த மாதிரி ஏறும். 1-1/8 இன்ச்னா 28.6 மிமீ, 1.5 இன்ச்னா 38.1 மிமீ, போட்டுப் பாத்தா சுமார் 2.4 மடங்கு விறைப்பு வருது. எடை ஏறுறது மூணுல ஒரு பங்கு தான். இந்த லாபத்த யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. ஆனா 1.5ல இருந்து 1.8க்கு போனா, அதாவது 45.7 மிமீ, லாபம் 1.7 மடங்கு தான். இதுவும் கம்மி இல்ல, ஆனா அந்த இடத்துல விறைப்பு பத்தலன்னு உண்மையிலேயே யாருக்கு தோணுது?

இ-பைக் காரங்களுக்கு தோணலாம். மோட்டார், பேட்டரின்னு கூடுதல் எடை, அத வச்சுக்கிட்டு நீள ட்ராவல் (சஸ்பென்ஷன் அமுங்குற தூரம்) சிங்கிள் க்ரவுன் ஃபோர்க்ல கல்லு மேல எறங்குறாங்க. 1.8 அவங்களுக்காக வந்தது தான், அங்க எனக்கு ஆட்சேபணை இல்ல. சாதா ட்ரெயில் பைக்ல அதப் போட்டா ஹெட் ட்யூப் அடிப்பாகம் தடிமனா தெரியும், கூடவே மாத்து ஃபோர்க் தேடுறப்போ தலைவலி, அவ்ளோ தான்.

மேல் முனைக்கு வருவோம். 2000களோட ஆரம்பத்துல நேரான 1.5 ஸ்டியரர் வந்துச்சு, மேலயும் கீழயும் 38.1. செம முரட்டு சாமான், ஆனா ஹெட்செட்டும் (ஹெட் ட்யூப்ல வர்ற பேரிங் செட்) ஸ்டெம்மும் (ஹேண்டில்பார ஸ்டியரரோட சேக்குற துண்டு) கனம், 2010 வாக்குல டேப்பர்டு (மேல 1-1/8, கீழ 1.5) வந்து அத ஓரங்கட்டிடுச்சு. ஜயன்ட் மேல 1-1/4 கீழ 1.5னு ஓவர்டிரைவ் 2 கொண்டு வந்தாங்க, நல்ல ஸ்டெம் தேடுறதே பெரிய வேலையா இருந்துச்சு, அப்புறம் அவங்களே மவுண்டன் பைக்ல 1-1/8க்கு திரும்பிட்டாங்க. அதுக்கு முன்னாடியே, 90கள் பக்கம், மவுண்டன் பைக் முன்னோடி கேரி ஃபிஷர் 1-1/4 இன்ச்சுல எவல்யூஷன்னு ஒன்னு கொண்டு வந்து அதுவும் நிக்கல. மேல பெருசாக்கப் போன எல்லாருக்கும் இதே கதி தான்.

இதுல நிறைய பேர் கவனிக்காத ஒரு விஷயம் ஸ்டெம் நீளம். 31.8 மிமீ ஹேண்டில்பாரோட பாதி 15.9, 28.6 ஸ்டியரரோட பாதி 14.3, கூட்டுனா 30.2 மிமீ. ரெண்டும் ஒன்னோட ஒன்னு முட்டாம ஒரே மட்டத்துல நிக்கணும்னா ஸ்டெம் இதுக்கு கீழ போகவே முடியாது, அதனால தான் ரொம்ப குட்டையான ஸ்டெம் எல்லாம் 31, 32 மிமீல வந்து நிக்குது. ஸ்டியரர 38.1 ஆக்குனா அதே கணக்கு 35 மிமீ கிட்ட போகும், அதுக்கு மேல ஸ்டெம்மோட சுவர் கனம் வேற. ரீச் (ஃப்ரேமோட முன்பக்க நீளம்) அதிகமான இப்போதைய ஃப்ரேம்ல 35 மிமீ ஸ்டெம் சர்வ சாதாரணம், அது கைய விட்டுப் போயிடும். பார உயரமா தூக்கி வச்சு சமாளிக்கலாம்னு சொல்வீங்க, சமாளிக்கலாம், ஆனா எதுக்கு?

இன்னொன்னு, டவுன்ஹில் ரேஸ்ல ஓடுற ஃபாக்ஸ் 40 மாதிரி டூயல் க்ரவுன் ஃபோர்க்ல ஸ்டியரர் நேரான 1-1/8 தான். இருக்குறதுலயே முரட்டு ஃபோர்க், ஸ்டியரர் மட்டும் ஒல்லி. ஏன்னா மேல் க்ரவுனும் கீழ் க்ரவுனும் சேர்ந்து கால்கள புடிச்சிருக்கு, மடக்குற விசை ஸ்டியரர் மேல தனியா விழறதில்ல. அப்போ பிரச்சனை விட்டத்துல மட்டும் இல்ல, ஜாயின்ட்லயும் இருக்கு.

சிங்கிள் க்ரவுன் ஃபோர்க்ல வர்ற க்ரீக் சத்தம் இதுக்கு நல்ல உதாரணம். ஸ்டியரர க்ரவுனுக்குள்ள ப்ரெஸ் ஃபிட் பண்ணிருக்காங்க, பசையோ போல்ட்டோ கிடையாது, நாளாக ஆக அது கொஞ்சம் அசைய ஆரம்பிச்சா டக் டக்னு சத்தம். முன் ப்ரேக்க புடிச்சுக்கிட்டு பைக்க முன்ன பின்ன ஆட்டுங்க, ஒரு விரல கீழ் கப்புக்கும் ஃபோர்க் க்ரவுனுக்கும் நடுவுல வைங்க. விரல்ல ஆட்டம் தெரிஞ்சா ஹெட்செட் லூஸ். ஆட்டமே இல்லாம க்ரவுன்ல இருந்து சத்தம் மட்டும் வந்தா அந்த ப்ரெஸ் ஃபிட் மேல சந்தேகப்படுங்க, அது தான்னா க்ரவுன், ஸ்டியரர், ஸ்டான்ஷன் (ஃபோர்க்கோட மேல் கால் குழாய்) மூணும் சேர்ந்த செட்டையே மாத்தணும். கம்பெனிக்காரங்க புது விட்டம் கண்டுபிடிக்கிற நேரத்துல இந்த ஜாயின்ட்டுக்கு நீளத்த கூட்டுனா நான் சந்தோஷமா காசு குடுப்பேன்.

ஹெட் ட்யூப் பக்கம் என் ஓட்டு இசட்எஸ்44/இசட்எஸ்56க்கு (பேரிங் கப் ஹெட் ட்யூபுக்குள்ள உக்கார்ற ஸீரோ ஸ்டாக் வகை, ஓட்டை மேல 44 மிமீ, கீழ 56). கப்ப அழுத்தி ஏத்துறது, தேஞ்சா கப்ப மாத்திக்கலாம், ஹெட் ட்யூப் சாய்வ மாத்துற ஆங்கிள் ஹெட்செட்டும் போடலாம். ஐஎஸ்ல (இன்டெக்ரேட்டட் வகை) பேரிங் உக்கார்ற இடம் ஃப்ரேம்லயே கடைஞ்சிருக்கும், எடை கம்மி, பாக்கவும் அழகு, ஆனா அந்த இடம் தேஞ்சா ஃப்ரேமுக்கே ஆபத்து. ஸ்டீல், டைட்டானியம் ஃப்ரேம்ல மேலயும் கீழயும் நேரா 44 வைக்கிறது இன்னும் நல்ல யோசனை தான், கீழ வெளி கப் போட்டு டேப்பர்டு ஃபோர்க்க ஏத்திக்கலாம், முன்பக்கம் கொஞ்சம் உயரும். ஹெட்செட் வழியா கேபிள் போறதுக்காக மேல் பேரிங்க பெருசாக்குறாங்களே, அத விறைப்புக்குன்னு சொன்னா நம்பாதீங்க. ஒரு பேரிங் மாத்த பின் ப்ரேக் ஹோஸ கழட்டி ப்ளீட் பண்ண (உள்ள போன காத்த வெளியேத்த) வேண்டியிருக்கும், அது தான் நிஜம்.

பழைய ஃபோர்க்க புது ஃப்ரேம்ல போடுறவங்களுக்கு: பெரிய ஓட்டைல சின்ன குழாய் போகும், தலைகீழா நடக்காது. 1.8 ஃப்ரேம்ல டேப்பர்டு 1.5 ஃபோர்க்க ரிடியூசரோட போட்டுக்கலாம், 1.5 ஃப்ரேம்ல 1.8 ஃபோர்க் ஏறாது. ஹெட்செட் பேருல இசட்எஸ்56/40னு இருந்தா முதல் நம்பர் ஃப்ரேம் ஓட்டைக்கு, ரெண்டாவது க்ரவுன் ரேஸ் (கீழ் பேரிங்குக்கு அடில வர்ற வளையம்) உக்கார்ற இடத்துக்கு. இதே இசட்எஸ்56ல 30னு முடியிற கீழ் கப் வாங்குனா உங்க நேரான 1-1/8 ஃபோர்க்கும் அந்த ஃப்ரேம்ல உக்காரும்.