கும்பகோணத்தில் ஒரு மெஸ், ஒரு மாஸ்டர், சாப்பாட்டுக்கு 20 ரூபாய் கூட

மெஸ் பெயரைப் போட மாட்டேன். மகாமகக் குளத்திலிருந்து நடந்து போகிற தூரம், வாசலில் வாழையிலைக் கட்டு சாத்தி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான் சொல்வேன். பெயரைப் போட்டால் எவராவது கல்யாண கான்ட்ராக்டர் வந்து மாஸ்டரைக் கொத்திக்கொண்டு போய்விடுவார், அப்புறம் எனக்குக் கடப்பா கிடைக்காது. ஏற்கெனவே கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தர் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார், மாஸ்டரை விடாமல் பிடித்து வைக்கத்தான் சாப்பாட்டை 110-லிருந்து 130 ஆக்கினேன் என்று கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி கேட்கிறவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த 20 ரூபாய் தகுமா என்பதுதான் விஷயம்.

முதலில் கடப்பா. வெளியூர்க்காரர்களுக்காக: பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், பச்சைமிளகாய், சோம்பு, கசகசா அரைத்து ஊற்றுகிற சமாச்சாரம், இட்லிக்கும் தோசைக்கும். குருமா என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டால் ஏமாந்து போவீர்கள். ஊரில் பல இடங்களில் பொட்டுக்கடலையை அள்ளிப் போட்டு அரைத்துவிடுகிறார்கள், ஆறினால் கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும். இவர் அப்படிச் செய்வதில்லை. உருளைக்கிழங்கில் பாதியைக் கையாலேயே மசித்துவிட்டு மீதியைத் துண்டாகப் போடுகிறார், அந்த மசியல்தான் குழம்பைப் பிடித்து நிறுத்துகிறது. விழுதை ஊற்றியதும் ஒரே ஒரு கொதி. உடனே இறக்கி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழிகிறார். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் கசக்கும் என்று அடுக்களை வாசலில் நின்று வேடிக்கை பார்த்த என்னிடம் சொன்னார், சொல்லிவிட்டு உள்ளே வராதீங்க தம்பி என்றும் சொன்னார்.

மத்தியானச் சாப்பாட்டில் சுண்டைக்காய் வத்தக்குழம்பு நன்றாக இருக்கும், ரசவாங்கி போடுகிற நாளில் அது அதைவிட நன்றாக இருக்கும். ரசம் எப்போதும் நன்று. பொரியல் சுமார். அப்பளம் எப்போதோ பொரித்தது.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். என் மைத்துனன் நியூஜெர்சியில் இருக்கிறான், லீவில் வந்தவனை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அவனுக்கு பேஸ்பால் பைத்தியம், அதிலும் மெட்ஸ் என்கிற நியூயார்க் அணியின் ரசிகன். விலை ஏறின கதையை முதலாளி ஆரம்பித்ததுமே இவன் இலையை விட்டுவிட்டுக் கணக்குக்குப் போய்விட்டான். 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோ என்கிற ஆட்டக்காரரைத் தக்கவைக்க, அவர் அதுவரை ஆடின யாங்கீஸ் அணி 16 வருஷத்துக்கு 760 மில்லியன் டாலர் வரை போய்ப் பார்த்ததாம், மெட்ஸ் 15 வருஷத்துக்கு 765 மில்லியன் கொடுத்துத் தூக்கிவிட்டது. அடுத்த சீசனில் சோட்டோ 43 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்தார், அப்படியும் மெட்ஸ் பிளே ஆஃபுக்குப் போகவில்லை, அவரை விட்டுவிட்ட யாங்கீஸ் போனது. "அதனால அந்தாளு வேஸ்ட்டுன்னு ஆயிடாது அத்தான், மத்த இடத்துல ஓட்டை" என்றான். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுக்களைப் பக்கம் போகும்போது உதவும்.

அவன் சொன்னதில் எனக்குப் பிடித்தது அங்கே 'வார்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பது. நட்சத்திரம் எவ்வளவு நன்றாக ஆடுகிறான் என்று மட்டும் பார்ப்பதில்லை. அவன் இடத்தில் சல்லிசாகக் கிடைக்கிற ஒரு சாதாரண ஆளை இறக்கியிருந்தால் எத்தனை ஆட்டம் குறைவாக ஜெயித்திருப்போம் என்று பார்க்கிறார்கள், அந்த வித்தியாசத்துக்குத்தான் காசு. நம் மெஸ்ஸில் இந்தக் கணக்கைப் போட கம்ப்யூட்டரே வேண்டாம், செவ்வாய்க்கிழமை போதும். அன்றைக்கு மாஸ்டருக்கு லீவு, வேறு ஒருவர் வந்து சமைக்கிறார்.

"அண்ணே, மத்த நாள்ல எத்தனை சாப்பாடு போகுது?" என்று முதலாளியிடம் கேட்டேன். 250 என்றார். செவ்வாய்க்கிழமை? "170 தாண்டாது தம்பி." அன்று வருகிறவருக்கு 900 ரூபாய். மாஸ்டருக்கு முன்பு நாள் சம்பளம் 1,300, இப்போது 1,900, அது போக ஒன்றரை லட்சம் அட்வான்ஸ். மைத்துனன் தண்ணீர் டம்ளரை நகர்த்திவிட்டு பில் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தான்: 80 சாப்பாடு வித்தியாசம், 130 வீதம் 10,400, அதில் நாலில் ஒரு பங்குதான் லாபம் என்று வைத்தாலும் 2,600. அந்த 900-உடன் இதைக் கூட்டினால் 3,500. அதாவது 3,500 வரை கொடுத்தாலும் முதலாளிக்கு நஷ்டமில்லை. அவர் கொடுப்பதோ 1,900.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை நான் போட்டேன். 250 சாப்பாட்டுக்கு 20 ரூபாய் வீதம் ஒரு நாளைக்கு 5,000 கூட வருகிறது, மாஸ்டருக்கு ஏறியது 600. கேட்டேவிட்டேன். முதலாளி கோபித்துக்கொள்ளவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். "தேங்கா என்ன விலை விக்குது, எண்ணெய் என்ன விலை, கேஸ் என்ன விலை? அதைச் சொல்லி ஏத்தினா சண்டைக்கு வர்றாங்க. மாஸ்டர் பேரைச் சொன்னா மூஞ்சி சுளிக்காம குடுத்துட்டுப் போறாங்க." அமெரிக்காவிலும் டிக்கெட் விலையை ஏற்றினால் பழி ஆட்டக்காரர் சம்பளத்தின் மேல்தான் விழும், உண்மையில் கூட்டம் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் விலை என்று மைத்துனன் என் காதில் சொன்னான். சம்பளத்துக்கும் இழுக்கிற கூட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு நாம் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம்: 2025 ஐபிஎல்லுக்கு சென்னை அணி ருதுராஜையும் ஜடேஜாவையும் ஆளுக்கு 18 கோடிக்கு வைத்துக்கொண்டது, தோனிக்கு 4 கோடி. சேப்பாக்கத்தில் யார் இறங்கும்போது சத்தம் வந்தது?

அட்வான்ஸ் சமாச்சாரம் தனி. நம் ஹோட்டல் தொழிலில் மாஸ்டரைக் கட்டிப்போடுவதே அதுதான், வேறு இடத்துக்குப் போக வேண்டுமென்றால் கூப்பிடுகிறவர் அந்தப் பாக்கியை அடைத்துவிட்டு அழைத்துப் போக வேண்டும். பேஸ்பாலில் தலைகீழ். ஒட்டானி என்கிற ஜப்பான் நட்சத்திரத்துக்கு டாட்ஜர்ஸ் அணி பேசியது 10 வருஷத்துக்கு 700 மில்லியன் டாலர், ஆனால் ஆடுகிற காலத்தில் வருஷத்துக்கு 2 மில்லியன்தான், மீதி 680 மில்லியன் 2034-லிருந்து 2043 வரை வரும். முன்னால் கொடுத்துக் கடன்காரனாக்கி வைத்துக்கொள்வது ஒரு வழி, பின்னால் தருகிறேன் என்று தானே கடன்காரனாவது இன்னொரு வழி. ஒட்டானி விளம்பரத்தில் சம்பாதிக்கிறார், அதனால் அவருக்குத் தாங்கும். நம் மாஸ்டருக்கு அந்த ஒன்றரை லட்சம் மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டது, சம்பளத்தில் கழிகிறது. இதை வைத்துப் பார்த்தால் 1,900 என்பது கையில் 1,900 கூட இல்லை.

இப்போது ஓட்டைக்கு வருகிறேன். இட்லி ஊற்றுவது, தேங்காய் அரைப்பது, விழுதின் பதம் பார்ப்பது எல்லாம் ஒரு ஒடிசா பையன். மாஸ்டர் லீவில் இருக்கிற நாளில் கடப்பாவை அந்தப் பையன் தனியாக வைத்தான் ஒரு தடவை, முக்கால்வாசி வந்துவிட்டது, சோம்பு மட்டும் தூக்கல். அவனுக்கு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. பேஸ்பாலிலும் இந்த அநியாயம் உண்டு, புதிதாக வருகிற பையன் சுமார் 6 வருஷம் ஆடி முடித்தால்தான் இஷ்டப்பட்ட அணிக்குப் போகலாம், அதிலும் முதல் சில வருஷம் அணி கொடுப்பதுதான் சம்பளம். ஆனால் இங்கே கையெழுத்து எதுவும் கிடையாது, அந்தப் பையன் நாளைக்கே திருச்சிக்கு ரயிலேறிவிடலாம். பரிமாறவும் ஆள் குறைவு, இரண்டாவது தடவை சாதம் வர ரசம் ஆறிவிடுகிறது. ஏஞ்சல்ஸ் என்று ஓர் அணி, ட்ரவுட் என்கிற இன்னொரு நட்சத்திரமும் ஒட்டானியும் 2018-லிருந்து 2023 வரை ஒன்றாக அங்கே ஆடினார்கள், அந்த ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட பிளே ஆஃபைப் பார்க்கவில்லை. இந்த மெஸ்ஸின் சாயங்கால டிபனைச் சாப்பிட்டால் அது எப்படி நடக்கும் என்று புரிந்துவிடும்.

ஆக என் கருத்து: 130 கொடுக்கலாம், நான் கொடுக்கிறேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு அது அதிகமே இல்லை. ஆனால் மாஸ்டருக்காக ஏற்றினேன் என்ற கதையை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த 5,000-இல் இன்னும் ஒரு 500 மாஸ்டருக்கும், ஒரு 300 அந்தப் பையனுக்கும் போனால், கோயம்புத்தூர்க்காரர் மறுபடி வந்தாலும் காபி குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மாஸ்டருக்கு வயது 58, நாக்கு அப்படியே இருக்கிறது, முட்டிதான் கேட்பதில்லை, நடுநடுவே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொள்கிறார். நாள் சம்பளம் என்பதால் முதலாளிக்குப் பத்து வருஷ ஒப்பந்தத்தின் பயமும் கிடையாது. அப்படியிருக்க என்ன கஞ்சத்தனம் என்று தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: கடப்பா காலை எட்டரைக்குள், அதற்கு மேல் சாம்பார்தான். மத்தியானம் பன்னிரண்டரைக்கு முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுங்கள். முகூர்த்த நாளில் போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போவது நல்லது, மாஸ்டர் கல்யாண வேலைக்குப் போயிருக்கலாம், அதற்கு முதலாளி சம்மதம் உண்டு. செவ்வாய்க்கிழமை போக நேர்ந்தால் தயிர்சாதம் வாங்கிக்கொள்ளுங்கள். சாயங்காலம் காபி மட்டும், ரவா தோசை பக்கம் போகவே வேண்டாம்.