1641 வாக்குமூலம் சைட் ரிவ்யூ: கோட்டைக் கதை தேடிப் போறவங்க கவனத்துக்கு

லெட்டிஸ் டிக்பி கதை தெரியுமா? 1641 அக்டோபர்ல அயர்லாந்துல கத்தோலிக்கர் கலகம் வெடிச்சு நாடே பத்தி எரியுது, கீஷில் கோட்டைக்குள்ள இந்தம்மா. 60ஐ ஒட்டின வயசு, புருஷன் 1618லயே போயாச்சு, பத்து புள்ளைங்க பெத்தவங்க, ஆஃபலி பாரனெஸ்னு (சீமாட்டின்னு வெச்சுக்கோங்க) ராஜா குடுத்த பட்டம் வேற. 1642ல கோட்டையை வளைச்ச ஓ'டெம்சி குடும்பத்து கலகக்காரங்க இவங்களுக்கு சொந்தக்காரங்க தான், அதுவும் ராஜா பேரைச் சொல்லியே கோட்டையைக் குடுன்னு லெட்டர் போடுறாங்க, இவங்க நானும் ராஜாவுக்கு விசுவாசமா இருக்கவ தான், என் சொத்தை என்னால முடிஞ்ச வரைக்கும் காப்பாத்திக்கிறேன், மிச்சம் கடவுள் விட்ட வழின்னு பதில் எழுதிட்டாங்க. அப்புறம் 140 சட்டி பானையை உருக்கி ஒரு பீரங்கி வார்த்துக் கொண்டு வந்தானுங்க, முதல் வெடியிலயே அது உடைஞ்சு போச்சு 😂

இந்தக் கதை புடிச்சுப்போய்த் தான் டப்ளின் டிரினிட்டி காலேஜோட 1641 வாக்குமூலம் சைட்டுக்குள்ள போனேன். காசு கிடையாது, முழுக்க ஃப்ரீ. அந்தக் கலகத்துல அடிபட்டு ஓடி வந்தவங்ககிட்ட ஹென்றி ஜோன்ஸ்னு ஒரு பாதிரியார் தலைமையில கமிஷன் போட்டு எழுதி வாங்கின வாக்குமூலங்கள், சுமார் 8,000 இருக்கும், 31 வால்யூம், 19,010 பக்கம். 1741ல இருந்து காலேஜ்ல கிடந்தது, 2010ல தான் ஆன்லைன்ல வந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்துப் பக்கத்தோட படமும் இருக்கு, படிக்கிற மாதிரி டைப் பண்ணதும் இருக்கு, அந்தக் காலத்து கிறுக்கல் பார்த்து பயப்பட வேண்டாம்.

ஆனா ஒண்ணு, லெட்டிஸ் முற்றுகையை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே இடத்துல படிக்கலாம்னு போனீங்கன்னா ஏமாந்துடுவீங்க. இது சீமாட்டிகளுக்காக வெச்ச சைட் இல்ல. லிமெரிக் பக்கம் கில்ஃபினி கோட்டையைப் புடிச்சு நின்ன எலிசபெத் டௌடால் அம்மா தன் சண்டையைத் தானே எழுதி வெச்சிருக்காங்க, கலகக்காரங்களைக் கூட்டிட்டு வந்த ஷெரிஃபைத் தலையிலயே சுட்டேன்னு கூசாம எழுதுறாங்க, ஆனா அந்த மாதிரி விவரிப்பெல்லாம் தனி ஆவணம்.

இங்க கிடைக்கிறது கோட்டைக்கு வெளிய இருந்தவங்க குரல். விதவைங்க, விவசாயிங்க, கடை வெச்சிருந்தவங்க. மாடு இத்தனை, குதிரை இத்தனை, தானியம், வர வேண்டிய கடன் இவ்வளவுன்னு பவுண்ட் கணக்குல லிஸ்ட் போட்டுட்டே வருவாங்க, திடீர்னு நடுவுல துணியெல்லாம் உருவிட்டு குளிர்ல துரத்திவிட்டாங்கன்னு ஒரு வரி. ஒரு அரண்மனைக்காரம்மா ஏன் கதவைத் திறக்க மாட்டேன்னாங்கன்னு எனக்கு இதைப் படிச்சப்போ தான் உறைச்சுது, வீரம்ங்கிறதெல்லாம் அப்புறம், வெளிய போனா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு.

குறை? நிறையவே இருக்கு. பழைய ஸ்பெல்லிங்கை மாத்தாம அப்படியே வெச்சிருக்காங்க, ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அது தான் சரி, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு தலைவலி, ஒரே ஊரை நாலு விதமா டைப் பண்ணித் தேடணும். மாவட்டம் வெச்சுத் தேடுனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, கீஷில் இருக்கிற ஆஃபலிக்கு அப்போ கிங்ஸ் கவுண்டின்னு பேரு.

இன்னொண்ணு, இதுல பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் தரப்பு தான் பேசுது. பாதி விஷயம் கண்ணால பார்த்தது கூட இல்ல, யாரோ சொன்னாங்கன்னு சொல்றது. இதை வெச்சுத் தான் ரொம்ப காலம் கத்தோலிக்கர் மேல வெறுப்பைக் கிளப்பினாங்க, அதனால ஒரு வாக்குமூலத்தைப் படிச்சுட்டு அப்படியே ஸ்க்ரீன்ஷாட் போட்டு சண்டைக்குப் போகாதீங்க. 1650கள்ல அயர்லாந்தைப் புடிச்ச இங்கிலாந்தோட குரோம்வெல் ஆட்சி விசாரணைக்காக எடுத்ததும் உள்ள கிடக்கு, அதுல கத்தோலிக்கர் சொன்னதும் வரும், அதையும் சேர்த்துப் படிங்க.

என் ரேட்டிங் 5க்கு 4. கட் பண்ண ஒரு மார்க் தேடுற கஷ்டத்துக்கு மட்டும் தான். மொபைல்ல வேண்டாம், லேப்டாப்ல திறந்து படத்தையும் எழுத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.