ஈசி சுத்தம், வாரிசுச் சான்றில் ஓட்டை

திருச்சி – புதுக்கோட்டை சாலைப் பக்கம், இறந்துபோனவர் பெயரில் இருக்கும் மனையை அவருடைய பிள்ளைகள் விற்கிறார்கள் என்று யாராவது புரோக்கர் கூட்டிப்போனால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

2024இல் நாங்கள் அங்கே ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) வாங்கினோம். கிரையம் 24 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று அரசுக்குக் கட்டியது மட்டும் 2,16,000 ரூபாய். இப்போது கோர்ட்டில் இடைக்காலத் தடை. ஒரு செங்கல் வைக்க முடியாது.

மனையை வாங்கிப்போட்டவர் 2009இல் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். எங்களுக்கு விற்றவர்கள் அவருடைய மனைவியும் இரண்டு மகன்களும். அவர் வாங்கியபோது எழுதிய தாய்ப்பத்திரம் ஒரிஜினலாகவே இருந்தது. பட்டா, இறந்துபோன அப்பா பெயரில். பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதல் ஈசி, அதாவது மனைமேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று, போட்டுப் பார்த்தாயிற்று. அப்பா வாங்கிய கிரையத்தைத் தவிர அதில் வேறு பதிவு இல்லை. அடமானமும் இல்லை, வேறு யாருக்கும் விற்க அதிகாரம் கொடுத்த பவர் பத்திரமும் இல்லை. லீகல் பார்க்க ஒரு வக்கீலை புரோக்கரே ஏற்பாடு செய்தார். 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு இரண்டு பக்கத்தில் ஒப்பீனியன் கொடுத்தார் அவர். "கண்ண மூடிட்டு வாங்கலாம் சார்" என்றார் புரோக்கர். பேப்பரில் பொது அறிவிப்பு கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, வக்கீல் "சின்ன இடத்துக்கு அதெல்லாம் எதுக்கு, வீண் செலவு" என்று முடித்துவிட்டார்.

பதிவு முடிந்து கம்பி வேலிக்குக் கல் ஊன்றும்போது ஒரு அக்கா வந்து நின்றார். ஐம்பதைத் தாண்டிய வயது. மஞ்சள் பையிலிருந்து பழைய ரேஷன் கார்டை எடுத்து நீட்டினார். ஓரம் நைந்துபோய், மடிப்பில் செல்லோடேப் ஒட்டியிருந்தது. குடும்பத் தலைவருக்குக் கீழே நான்கு பெயர். மூன்றாவது அவருடையது.

"தம்பி, இது எங்கப்பா வாங்கின இடம். நான் எதுலயும் கையெழுத்துப் போடல."

அதற்குப் பிறகுதான் எங்கள் ஊர் வக்கீல் ஒருவரிடம் பத்திரக் கட்டைப் பிரித்துக் காட்டினோம். விற்றவர்கள் கொடுத்த வாரிசுச் சான்று, நோட்டரி முத்திரை குத்திய ஜெராக்ஸ். அதில் வரிசை எண் 1 மனைவி, 2 மகன், 4 மகன். மூன்றைக் காணோம்! அந்த இடத்தில் வெள்ளைக் காகிதத்தை வைத்து ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள். கட்டத்தின் கோடுகூட அங்கே விட்டுவிட்டுத்தான் தெரிகிறது. இதைப் பார்க்கத்தான் முதல் வக்கீலுக்குப் பணம். அவர் எழுதிய ஒப்பீனியனில் "வாரிசுகள் மூவர்" என்று தெளிவாக இருக்கிறது. தாலுகா ஆபீசில் மனுப் போட்டு நகல் வாங்கினோம். வாரிசுகள் நான்கு பேர்.

மூத்த மகனுக்குப் போன் செய்தால், "அவளுக்கு 94லயே கல்யாணம் பண்ணி, சீர் செஞ்சு அனுப்பியாச்சு, அவளுக்கு ஏது பங்கு?" என்கிறார். ஊருக்குள் இன்னும் இந்தப் பேச்சுதான் ஓடுகிறது. சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கி, உயில் இல்லாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. கல்யாணம் ஆனதோ சீர் செய்ததோ அதை மாற்றாது. ஆக அம்மாவும் மகன்களும் எங்களுக்கு விற்றது முக்கால் பங்கைத்தான். 2,400 சதுர அடியில் 600 அந்த அக்காவுக்கு. அதிலும் எந்த 600 என்று கோடு கிழிக்க முடியாது. பிரிக்காத சொத்து என்பதால் ஒவ்வொரு அடியிலும் அவருக்குக் கால் பங்கு உண்டு.

"பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் தெரியவந்தால் எங்கள் சொந்தச் செலவில் முன்னின்று தீர்த்துக் கொடுப்போம்" என்று கிரையப் பத்திரத்தில் எழுதித்தான் கையெழுத்துப் போட்டார்கள். இப்போது சின்னவர் போனையே எடுப்பதில்லை. நஷ்டஈடு கேட்டு நாங்கள் தனியாக வழக்குப் போட வேண்டும். மாவட்டக் குற்றப்பிரிவிலும் புகார் கொடுத்திருக்கிறோம்.

"ரிஜிஸ்டர் ஆபீசில் பார்க்காமலா பதிந்தார்கள்?" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளர் வேலையே இல்லை. விற்பவரின் பழைய மூலப் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதியக் கூடாது என்ற தமிழ்நாடு பதிவு விதி 55ஏ(1)ஐ 2025 ஏப்ரலில் ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ஈசியும் அப்படித்தான், பதிவானது மட்டுமே அதில் வரும். சாவு, பிறப்பு, விட்டுப்போன மகள் இதெல்லாம் ரிஜிஸ்டர் ஆபீசில் சொத்துப் பத்திரம்போலப் பதிவாவதில்லையே.

அந்த அக்காமேல் எனக்குக் கோபம் இல்லை. இன்றைய விலைக்குத் தன் பங்குக்குப் பணம் கொடுத்தால் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தருவதாகச் சொல்கிறார். நியாயம்தான். ஆனால் கொடுத்த பணத்துக்கு மேலேயும் கொடுக்க வேண்டியது நாங்கள்.

இதை அவசரமாக எழுதக் காரணம், அதே அப்பா வாங்கிய பக்கத்து மனை இன்னும் விற்கவில்லை. புரோக்கர் இப்போதும் ஆட்களைக் கூட்டிவந்து காட்டுகிறார். அக்கா போட்ட பாகப்பிரிவினை வழக்கில் அந்த மனையும் இருக்கிறது. ஆனால் வழக்கு நிலுவையில் இருப்பது ஈசியில் தானாக ஏறாது. போட்டுப் பார்த்தால் சுத்தமாகத்தான் வரும். கோர்ட் வழக்குகளைத் தேடிப் பார்க்கும் ஈகோர்ட்ஸ் தளத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, விற்பவர் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் போட்டுத் தேடுங்கள். அப்புறம் வாரிசுச் சான்றுக்கு ஜெராக்ஸை வாங்கிக்கொள்ளாமல், வழங்கிய தாலுகா ஆபீசிலிருந்தே நகல் எடுங்கள். லீகல் பார்க்கும் வக்கீல் நீங்கள் தேடிப்பிடித்தவராக இருக்கட்டும்.