நாலு கம்பியில் ஓடிய மாடி வைஃபை

இந்த முறை ஊருக்குப் போய்வந்ததில் விமானம், டாக்ஸி, பேங்க் வேலை, பத்திரத்துக்கு நகல் எடுத்தது எல்லாமே ஒழுங்காக நடந்துவிட்டன, அதையெல்லாம் எழுத ஒன்றும் இல்லை. மூன்று வார லீவில் ஒன்பது நாளைத் தின்றது 94 என்கிற ஒரு எண். அந்தப் புலம்பல்தான் இது.

போனில் அப்பா சொன்னதுதான் தொடக்கம். "மாடியில நெட்டு வரமாட்டேங்குது, மோடம் போயிடுச்சு போல." சரி, மகன் எதற்கு இருக்கிறான், அதுவும் அமெரிக்காவில் இருக்கிற மகன். நான் இங்கே வீட்டு இணையத்துக்குச் சொந்தமாக மோடம் வாங்கி வைத்திருக்கிறவன். கம்பெனிக்காரன் மோடத்துக்கு மாத வாடகை போடுவான், நம்மிடம் சொந்தமாக ஒன்று இருந்தால் அந்த வாடகையைப் போடக்கூடாது என்று 2019-ல் சட்டமே வந்தது. அதனால் மோடம் என்றாலே என் மனசில் 'கடைக்குப் போ, பட்டியலில் பொருந்துகிறதா என்று பார், வாங்கு, சொருகு' என்றுதான் ஓடும். வீட்டில் சும்மா கிடந்த, கேபிள் டிவி ஒயரில் ஓடுகிற டாக்சிஸ் 3.1 மோடம் ஒன்று, வீடு முழுக்க வைஃபையைப் பரப்புகிற, புதிதாக வாங்கிய மூன்று பெட்டி மெஷ் செட் ஒன்று, இரண்டையும் டீ-ஷர்ட்டுகளுக்கு நடுவில் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மனைவி கேட்டாள், "அங்க பைபர் தானே, இது எதுக்கு?" நான் பதில் சொல்லவில்லை. அந்த அவமானத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மெஷ். நம் வீடுகளைக் கட்டியது வைஃபைக்காக இல்லை. இங்கே என் வீட்டில் சுவர் என்பது மரச்சட்டத்தின் மேல் அடித்த ஒரு அட்டை மாதிரி, விரலால் தட்டினால் டொக் டொக் என்கும், பக்கத்து அறையில் தும்மினால் கேட்கும். வைஃபையும் அப்படியே ஊடுருவிப் போய்விடும். ஊர் வீட்டில் முக்கால் அடி செங்கல் சுவர், தலைக்கு மேல் கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம். கீழே ஹாலில் இருக்கிற மோடத்திலிருந்து மாடி அறைக்குச் சிக்னல் போகிறதே பெரிய விஷயம். மோடம் பக்கத்திலேயே நின்று பார்த்தால் வேகம் 290 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வருகிறது, வாங்கியிருப்பது 300 பிளான். அப்படியென்றால் மோடம் போகவில்லை, காற்றுதான் போதவில்லை. இதை முதல் நாளே செய்து பார்த்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு நான் செய்தது எதிலும் பெருமைப்பட ஒன்றுமில்லை.

கொண்டுபோன மெஷ் மூன்று அலைவரிசைக்காரன், வைஃபை 6ஈ. 2.4-ம் 5-ம் நமக்கு, 6 கிகாஹெர்ட்ஸ் பெட்டியும் பெட்டியும் பேசிக்கொள்ள. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் 2020-லேயே இந்த 6-ல் 1200 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை உரிமம் இல்லாமல் புழங்கலாம் என்று திறந்துவிட்டார்கள், எல்லா நாடும் அதே அளவு திறந்துவிடவில்லை. இங்கே விற்கிற பெட்டி இங்கத்து விதிக்குப் பூட்டப்பட்டுத்தான் வரும், நம் ஊர்க் காற்றுக்கு வந்ததும் தானாகத் திருந்திக்கொள்ளாது. வம்பு வேண்டாம் என்று 6-ஐ அணைத்துவிட்டேன். அணைத்ததும் என்ன ஆச்சு, எதற்காகக் கூடுதல் காசு கொடுத்து வாங்கினேனோ அது போயே போச்சு. இப்போது ஒரே 5 கிகாஹெர்ட்ஸில்தான் கீழ்ப் பெட்டியோடும் பேச வேண்டும், கையில் இருக்கிற போனோடும் பேச வேண்டும். ஒரே ஆள் இரண்டு வரிசையிலும் நிற்கிற மாதிரி. பாதி வேகம் அதிலேயே போய்விடும், மிச்சத்தைத் தளம் தின்றுவிடும்.

அப்புறம் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கூத்துதான், பெயர் மட்டும் புதுசு. சின்ன வயசில் மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பியவன் நான், கீழே டிவி முன்னால் அம்மா, ஜன்னலோரம் குரலைக் கடத்த தங்கை. "வருதா?" "புள்ளி புள்ளியா வருது." "இப்ப?" "போச்சு போச்சு, பழையபடி வை." முப்பது வருஷம் கழித்து அதே அம்மா போனைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் நிற்கிறார், நான் ஒரு வெள்ளைப் பெட்டியை ஷெல்புக்கும் ஜன்னலுக்கும் மாற்றி மாற்றி வைக்கிறேன். "இப்ப எவ்வளவு?" "அறுபத்து மூணு." "இப்ப?" "நாப்பது. டேய், முன்ன இருந்த இடத்துலயே வையேன்." படிக்கட்டு வளைவில் வைத்தால்தான் கொஞ்சம் தேறியது, தளம் இல்லாத ஒரே ஓட்டை அதுதானே. அப்படியும் 70-ஐத் தாண்டவில்லை.

சரி, கம்பியில் இணைத்துவிடலாம் என்று தோன்றியது. மெஷ் வாங்குகிறவர்கள் எல்லோரும் காற்றிலேயே எல்லாம் நடந்துவிடும் என்று நினைத்துத்தான் வாங்குகிறோம். உண்மையில் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு கேபிள் போட்டுவிட்டால் சாதாரண இரண்டு பெட்டி செட்டே விலை உயர்ந்த மூன்று பெட்டி செட்டைத் தோற்கடித்துவிடும். ஊர் வீட்டில் அதிர்ஷ்டம், நாலு வருஷத்துக்கு முன்னால் கேமரா மாட்டுகிறேன் என்று அப்பா ஹாலிலிருந்து மாடிக்கு ஒரு கேபிளைச் சுவருக்குள்ளேயே பைப்பில் ஓட்டி வைத்திருந்தார். கேமரா போய்விட்டது, கேபிள் இருந்தது. எடுத்துச் சொருகினேன். 94.

அடடா என்று சந்தோஷப்பட்டேன். இன்னொரு தடவை பார்த்தேன், 94. பெட்டியை மாற்றினேன், 94. ராத்திரி 2 மணிக்கு ஜெட் லேகில் எழுந்து பார்த்தேன், 94. மோடத்திலிருந்து நேராக லேப்டாப்புக்கு வேறு ஒரு குட்டி ஒயர் போட்டால் 290-க்கு மேல், மாடிக்குப் போனால் 94. கம்பெனியின் உதவி எண்ணுக்கு மூன்று தடவை அடித்தேன், எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, எல்லாம் ஒன்றுதான். மூன்று தடவையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார்கள். மூன்றாவது ஆள் மட்டும் கூடுதலாக, "மோடத்தை உயரமான இடத்துல வைங்க சார்" என்றார். அமெரிக்காவிலும் இதே பல்லவிதான், ஆனால் அதற்கு முன்னால் நாற்பது நிமிஷம் இசை கேட்க வேண்டும், அந்த வகையில் ஊர் தேவலை. மோடம் ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் கடத்துகிற பிரிட்ஜ் மோடில் போடுங்கள், லாகின் பாஸ்வேர்டு கொடுங்கள் என்று கேட்டேன், அது என்ன என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள். விட்டுவிட்டேன். மெஷ்ஷை வைஃபையை மட்டும் பரப்புகிற ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றினால் அந்த வேலையே தேவையில்லை, முகவரி கொடுக்கிற வேலையை மோடமே பார்த்துக்கொள்ளும், அப்படியே செய்தேன்.

ஒன்பதாம் நாள் அப்பா பொறுமை இழந்து, "அந்தப் பையனைக் கூப்பிடேன்" என்றார். எந்தப் பையன்? மோடம் மாட்டியிருக்கிற சுவரில், ஸ்விட்ச் போர்டுக்கு மேலே, பால்பாயின்ட் பேனாவில் ஒரு நம்பர் எழுதியிருந்தது. ஒன்பது நாளாக என் மூக்குக்கு நேராக அது இருந்திருக்கிறது. அடித்தேன். "எந்த வீடுண்ணே? ஆங், தெரியும், வரேன்." இருபத்தைந்து நிமிஷத்தில் வாசலில் பைக். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், நீங்கள் சலித்துக்கொண்டாலும் சரி. இங்கே காலை 8-லிருந்து 12-க்குள் வருவார் என்பார்கள், 12.10-க்கு 'உங்கள் அப்பாயின்ட்மென்ட் மாற்றப்பட்டது' என்று மெசேஜ் வரும்.

வயசு இருபத்திமூன்று இருபத்திநாலு இருக்கும். வந்ததும் மோடத்திலிருந்து அந்தப் பச்சைத் தலை பைபரைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து ஒரு மீட்டர் எடுத்துச் சொருகிப் பார்த்தான். ஒளியின் அளவு மைனஸ் 19. "லைட்டு சூப்பரா இருக்குண்ணே. மைனஸ் இருபத்தேழுக்குக் கீழ போனாத்தான் கஷ்டம்." அப்புறம் மேஜை மேல் இருந்த என் டாக்சிஸ் மோடத்தைப் பார்த்தான். எடுத்துத் திருப்பினான். பின்பக்கம் இருந்த மரை போட்ட பித்தளை முனையைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினான். சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

"இது கேபிள் டிவி ஒயரு சொருகுற பொட்டிண்ணே."

"தெரியும் தம்பி."

"பைபருக்கு மோடம் நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாதுண்ணே, சீரியல் நம்பரை அவங்க ஆபீஸ்ல ஏத்துனாத்தான் லைட்டே எடுக்கும்." மனைவி விமானத்துக்கு முன்னால் ஒரே வரியில் சொன்னது.

94-ஐச் சொன்னேன். எவ்வளவு தடவை பார்த்தீங்க என்று கேட்டான். எப்போதும் அதேதானா, கூடக் குறைய இல்லையா? எப்போதும் அதேதான். உடனே மாடிக்கு ஏறிவிட்டான். "வைஃபைன்னா ஆடும்ணே. ஆடாம ஒரே நம்பர்ல நிக்குதுன்னா ஒயருதான்." அங்கே பெட்டியிலிருந்து கேபிளைப் பிடுங்கி, அந்தக் கண்ணாடித் தலையை ஜன்னல் வெளிச்சத்தில் என் முன்னால் நீட்டினான். எட்டுக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் நாலுதான். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி. நீலமும் பழுப்பும் உறைக்கு வெளியே பின்னால் மடங்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. கேமரா மாட்டியவன் நாலு கம்பியைப் படத்துக்கும் மிச்ச நாலைக் கரண்டுக்கும் எடுத்திருக்கிறான். கேமராவுக்கு அது போதும். நாலு கம்பியில் 100-தான் ஓடும், அந்த நூறில் தபால் உறை மாதிரிச் சுற்றி வருகிற சமாச்சாரமெல்லாம் போக நம் கைக்கு வருவது 94 சொச்சம். ஆயிரம் ஓட எட்டுக் கம்பியும் வேண்டும்.

இருபது வருஷமாகக் கம்ப்யூட்டரில் சோறு தின்கிறவன் நான். 94 என்ற எண்ணைப் பார்த்ததுமே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். பொறி தட்டவில்லை, காரணம் கையில் இருந்த பெட்டியின் விலை. அவ்வளவு கொடுத்து வாங்கிய பெட்டி இருக்கும்போது தப்பு ஒயரில் இருக்கும் என்று மனசு போகாது.

அவன் இரண்டு முனையையும் வெட்டினான். உறையைப் பிளேடால் ஒரு சுற்றுக் கீறி இழுத்து, முறுக்கைப் பிரித்து, எட்டையும் நகத்தால் நீவி நேராக்கினான். உதடு மட்டும் அசைந்தது, வாய்ப்பாடு சொல்கிற மாதிரி: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. ஒரே சீராக நறுக்கி, புதுத் தலைக்குள் தள்ளி, முனையில் எட்டுத் தாமிரப் புள்ளியும் தெரிகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, கிரிம்பிங் டூலில் வைத்து ஒரு அழுத்து. கீழேயும் அதே. மொத்தம் பத்து நிமிஷம். மாடியில் 288. அம்மா படியில் நின்று, "எவ்வளவுடா?" என்றார், சொன்னேன், "அப்ப நான் துணி எடுக்கப் போறேன்" என்று போய்விட்டார்.

கிளம்பும்போது பக்கத்துத் தெருவில் ஒருவர் வாங்கிய மெஷ் கதை ஒன்று சொன்னான். அட்டைப்பெட்டியில் வைஃபை வேகம் ஏசி 1200 என்று பெரிதாகப் போட்டிருந்ததாம், அது 5-ல் 867, 2.4-ல் 300, இரண்டையும் கூட்டி வளைத்துப் போட்ட கணக்கு, எந்தப் போனுக்கும் அது மொத்தமாக வராது. பின்னால் இருந்த ஓட்டையோ 100 போர்ட்டு. எட்டுக் கம்பி போட்டாலும் அங்கே 94-தான். "போர்ட்டுல கிகாபிட், அதாவது ஆயிரம்னு போட்டிருக்கான்னு மட்டும் பாத்து வாங்கச் சொல்லுங்கண்ணே யாரு கேட்டாலும்." சொல்லிவிட்டேன். காசு கொடுத்தேன், வேண்டாம் என்றான், அப்புறம் வாங்கிக்கொண்டான்.

மூன்று பெட்டியில் இரண்டே போதுமாக இருந்தது. மூன்றாவதும் டாக்சிஸும் அதே டீ-ஷர்ட்டுகளுக்கு நடுவில் திரும்பி வந்தன. விமான நிலையத்தில் ஸ்கேன் செய்தவர் எடுத்து வைத்து என்ன இது என்றார். மோடம் என்றேன். "எதுக்கு வெளிநாட்டுக்கு மோடம்? அங்க இல்லையா?" பின்னால் வரிசை நின்றதால் விளக்கவில்லை.

வந்து ஒரு மாசம் ஆகிறது. மெஷ் ஆப் என் போனிலும் இருக்கிறது, தினமும் மதியம் சாப்பிட உட்காரும்போது 'மாடி இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று ஒரு எச்சரிக்கை வரும், ஊரில் அப்போது ராத்திரி 10. முதல் வாரம் பதறிப்போய், அந்தப் பையனின் நம்பரைத் தேடிவிட்டு, அதற்கு முன்னால் அம்மாவுக்கு அடித்தேன்.

"நான்தான் சுவிட்ச அணைச்சேன். ராத்திரி மாடியில யாரு இருக்கா?"

காலையில் போட்டுவிடுகிறாராம். எனக்கும் சரியாகத் தூங்கும் நேரத்தில் 'இணைந்தது' என்று வருகிறது.