சர்ஜ் டேங்க்கா, தொட்டிக்குள் ஒற்றைப் பம்ப்பா: 4ஜி63 டர்போ விராவுக்கு எது தோது?

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்களை ஒட்டிய ஊர்களில் பழைய புரோட்டோன் விரா காருக்கு மிட்சுபிஷியின் 4ஜி63 டர்போ இன்ஜின் ஏற்றுகிறவர்கள் இன்ஜினுக்கு மண்டையை உடைத்துக்கொள்ளும் அளவுக்கு பெட்ரோல் போகும் வழியைப் பற்றி யோசிப்பதில்லை. கடைசி நாளில்தான் "அண்ணே, பம்ப் என்ன போடுறது?" என்ற கேள்வியே வரும். பதில் இரண்டு. ஒன்று, பூட்டில் (காரின் பின்பக்கச் சாமான் அறையில்) சர்ஜ் டேங்க் என்ற சின்னப் பாத்திரம் வைத்து வெளியே போஷ் 044 பம்ப்; தொட்டிக்குள் ஒரு சின்ன பம்ப் பாத்திரத்தை நிரப்ப, 044 அதிலிருந்து இன்ஜினுக்குத் தள்ளும். இன்னொன்று, தொட்டிக்குள்ளேயே ஒரு வால்ப்ரோ 255 (மணிக்கு 255 லிட்டர்) பம்ப். தினமும் வேலைக்கு ஓடும் கார், 350 குதிரைசக்தி வரை என்றால் நான் இரண்டாவது கட்சி. என் விராவிலும் அதுதான் இருக்கிறது.

இன்ஜின் பக்கம் ரொம்பப் பேசத் தேவையில்லை. ஃபோர்ஜ்டு பிஸ்டன், ஏஆர்பி ஸ்டட், மெட்டல் கேஸ்கெட் எல்லாரும் போடுவதுதான். போர் (சிலிண்டர் விட்டம்) 85 மி.மீ. என்பதால், பிஸ்டனின் முதல் ரிங்கின் முனை இடைவெளியை மட்டும் 0.45 முதல் 0.50 மி.மீ. வரை தேய்த்து வையுங்கள். இறுக்கமாக விட்டால் சூட்டில் ரிங்கின் இரு முனையும் முட்டி, பிஸ்டன் விளிம்பைப் பெயர்த்துவிடும். இன்ஜின் மாற்றியதை வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோமில் காட்டி, ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) கிரானில், அதாவது வாகன உரிமைப் பத்திரத்தில், பதிந்துகொள்வது தனி வேலை.

இனி கணக்கு. டர்போ இன்ஜினுக்கு ஒரு குதிரைசக்திக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல் என்று வைத்தால் 350க்கு 210 பவுண்டு, அதாவது மணிக்கு 132 லிட்டர். நான்கு இன்ஜெக்டரும் 85 விழுக்காட்டுக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்றால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 650 சிசி வேண்டும். உயர் எதிர்ப்பு இன்ஜெக்டர் போட்டால் ஒரிஜினல் ரெசிஸ்டர் பெட்டியைக் கழற்றி, வயரை நேராக இணைத்துவிட வேண்டும். பம்ப்புக்கு 20 விழுக்காடு கூட்டி 160 லிட்டர். இதில் பலர் சறுக்கும் இடம், அந்த 160 எந்த அழுத்தத்தில் என்பது. ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பகிரும் குழாயில்) அடிப்படை 3 பார், அதன்மேல் பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் காற்றழுத்தம், 1.5 பார். ஆக, பம்ப் தள்ள வேண்டியது 4.5 பாருக்கு எதிராக. அட்டையில் போட்டிருக்கும் 255 அங்கே வராது. ஆனாலும் அசல் வால்ப்ரோ 160ஐத் தாண்டிவிடும். போலியை நம்ப முடியாது. நம் எண்ணெய் நிலையங்களில் இ85 (எத்தனால் கலந்த எரிபொருள்) கிடையாது, எல்லாம் ஆர்ஓஎன் 97 கணக்குத்தான். இ85 ஓட்டினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும், அப்போது இந்தப் பம்ப் பற்றாது.

சர்ஜ் டேங்க் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. தொட்டியில் எண்ணெய் கால்வாசிக்குக் கீழே இறங்கி, நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பினால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். அந்த இரண்டு மூன்று விநாடியைச் சர்ஜ் டேங்க் தாங்கிக்கொள்ளும். சிப்பாங் பந்தயத் தடத்தில் சுற்றுகிறவர்களும் 500 குதிரைசக்திக்குப் போகிறவர்களும் கட்டாயம் அதையே போடட்டும், என் வாதம் அவர்களுக்கு இல்லை.

நம் ஊர்க் காருக்கு அதன் பராமரிப்புதான் தலைவலி. இரண்டு பம்ப், இரண்டு ரிலே, பூட்டுக்குள் ஆறேழு ஹோஸ் இணைப்பு. ஒவ்வொன்றும் கசியக்கூடிய இடம். சின்னப் பாத்திரத்தில் அதே பெட்ரோல் திரும்பத் திரும்பச் சுற்றி, மத்தியான வெயிலில் சூடேறி ஆவி கட்டும். 044 உறிஞ்சுவதில் மட்டம், பாத்திரத்துக்குக் கீழே தாழ்வாக உட்கார வேண்டும். எல்லாவற்றையும்விட மோசமானது இது: உள்ளே இருக்கும் சின்ன பம்ப் செத்தால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. முழு பூஸ்டில் 1 லிட்டர் பாத்திரம் 27 விநாடியில் காலி. அதற்குப் பிறகு லீன் (பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சும் நிலை), அப்புறம் பிஸ்டன் போகும்.

கார்புரேட்டர் விராவின் தொட்டிக்குள் பம்ப்பே இல்லை, அதனால்தான் சர்ஜ் டேங்க் என்பார்கள். பழைய சாமான் கடையில் இன்ஜெக்‌ஷன் விராவின் தொட்டியை வாங்கி மாட்டுங்கள், முடிந்தது.

தொட்டிக்குள் போடுவதில் மூன்று இடத்தில் கை தவறும். முதலாவது ஹோஸ். பம்ப்பின் வாயிலிருந்து மூடிக்குப் போகும் அந்த விரல் நீளத் துண்டுக்குச் சாதாரண பெட்ரோல் ஹோஸ் போட்டால், வெளித்தோல் பெட்ரோலில் ஊறி, களிமாதிரி ஆகி, கிளாம்ப் ஓரத்தில் வெடிக்கும். ஐடிலில் ஒன்றும் தெரியாது. பூஸ்டில் மட்டும் அழுத்தம் விழும். "பம்ப் போச்சு" என்று புதுப் பம்ப் வாங்குவார்கள், அதே ஹோஸில் மாட்டுவார்கள். ஹோஸின்மேல் 30ஆர்10 என்று அச்சிட்டிருக்க வேண்டும், அதுதான் மூழ்கிக் கிடக்கத் தகுந்தது. இரண்டாவது உயரம். சல்லடை தொட்டியின் அடியைத் தொட வேண்டும், நசுங்கக் கூடாது. ஒரு சென்டிமீட்டர் மேலே நின்றாலும் எண்ணெய் குறையும்போது காற்று இழுக்கும். மூடிக்கு சிலிக்கோன் பசை பூசாதீர்கள். அது பெட்ரோலில் பிய்ந்து சல்லடையில் போய் ஒட்டும். புது ஓ-ரிங் போதும்.

மூன்றாவது வயர். ஒரிஜினல் வயர் இந்தப் பம்ப்புக்கு மெலிசு. பேட்டரியில் 13.8 இருக்கும், பம்ப் முனையில் 12 கூட இருக்காது. வோல்ட் குறைந்தால் தள்ளும் அளவும் படுத்துவிடும். பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 4 சதுர மி.மீ. வயர் இழுத்து, தொட்டிக்குப் பக்கத்தில் ரிலே வைத்து, பழைய வயரை ரிலேயைத் தூண்ட மட்டும் விடுங்கள். எர்த் முனைக்குப் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளைத் தகட்டில் இறுக்குங்கள். விளக்கும் காற்றாடியும் போட்டுப் பார்த்தால் பேட்டரிக்கும் பம்ப்புக்கும் 0.5 வோல்டுக்குமேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

ரெயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் பாருங்கள். ஐடிலில் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்தால் 3 பார் நிற்க வேண்டும். 3.5க்குக் கீழே இறங்க மறுத்தால் ரெகுலேட்டரோ திரும்பும் குழாயோ சிறிது.

எல்லாம் மாட்டிய பிறகு, டியூனுக்குப் போகுமுன் வெட்டவெளியில் ஒரு சோதனை. தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும், சிகரெட்காரர்கள் தள்ளி நிற்கட்டும். திரும்பும் ஹோஸை அளவு போட்ட கேனுக்குள் விடுங்கள். பேட்டரியில் சார்ஜர் மாட்டி 13.5 வோல்ட் நிறுத்துங்கள். ரெகுலேட்டரின் வேக்குவம் வாயில், மீட்டர் வைத்த சைக்கிள் பம்ப்பால் 22 பிஎஸ்ஐ (1.5 பார்) ஏற்றினால் ரெயில் 4.5 பாருக்கு வரும். இன்ஜினை ஓட்டாமல் பம்ப்பை மட்டும் 30 விநாடி ஓட விடுங்கள். கேனில் 1.34 லிட்டருக்குமேல் இருந்தால் 160ஐத் தாண்டிவிட்டது. குறைந்தால் முதலில் பம்ப் முனையில் வோல்டைப் பாருங்கள், அடுத்து மூடியைத் திறந்து அந்த விரல் நீள ஹோஸை. பம்ப்பைச் சந்தேகிப்பது அதற்கப்புறம்.