வகுப்பறையா, வெளிநாட்டு வேலையா, வாங்கிய கம்பெனியா: சீன நிர்வாகிகள் உலகத்தோடு பேசக் கற்கும் மூன்று வழிகள்

கணினி தயாரிக்கும் சீனக் கம்பெனியான லெனோவோவில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்துக்குத் தாமதமாக வருபவர் எல்லார் முன்னிலையிலும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நிறுவனர் லியூ சுவான்சியே அப்படி நின்றிருக்கிறார். இப்படி வளர்ந்த ஒரு கம்பெனிதான் 2004 டிசம்பரில் அமெரிக்காவின் ஐபிஎம்மின் தனிநபர் கணினிப் பிரிவை வாங்குவதாக அறிவித்தது. அதுவரை பெய்ஜிங்கில் சீனர்களை மட்டும் நிர்வகித்துப் பழகியவர்கள், அமெரிக்கர்களையும் ஜப்பானியர்களையும் வழிநடத்த வேண்டி வந்தது.

அதன் பிறகு இதே நிலைமை எத்தனையோ சீன நிர்வாகிகளுக்கு வந்துவிட்டது. அவர்கள் எங்கே கற்கலாம்? நடைமுறையில் மூன்று வழிகள்: வேலையில் இருக்கும் அதிகாரிகளுக்கான நிர்வாக எம்பிஏ வகுப்பு, வெளிநாட்டுப் பணி, அயல்நாட்டுக் கம்பெனியை வாங்கி அதிலேயே பாடம் படிப்பது. மூன்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன். அந்த நிர்வாகியின் முகத்துக்கு நேராக "இது சரியில்லை" என்று சொல்லக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரா?

இந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலம் ஒரு தடைதான். ஆனால் அதைவிடப் பெரியது, மேலதிகாரியைப் பலர் முன்னால் மறுத்துப் பேசாத பழக்கம். சீன அலுவலகங்களில் பல முடிவுகள் கூட்டத்துக்கு முன்பே தனித்தனியாகப் பேசி முடிந்துவிடும். கூட்டம் அதை அறிவிக்கும் இடம். அமெரிக்கருக்கோ கூட்டம்தான் வாதாடும் இடம். லெனோவோவின் முதல் ஆண்டுகளில் சீன அதிகாரிகள் பேசாமல் இருந்ததை அமெரிக்கர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். பிற்பாடு வேலை நகராதபோது ஏன் என்று புரியவில்லை. மறுப்பை எப்படிச் சொல்வது, எப்படிக் கேட்டுக்கொள்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் வகுப்பறை. ஷாங்காயில் சீன அரசும் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்து 1994-இல் தொடங்கிய சீப்ஸ் மேலாண்மைப் பள்ளி இருக்கிறது. சிங்ஹுவா பல்கலைக்கழகமும் பிரான்ஸின் மேலாண்மைப் பள்ளியான இன்சியாடும் சேர்ந்து ஆங்கிலத்தில் நடத்தும் படிப்பும் இருக்கிறது. கட்டணம் பல லட்சம் யுவான். நன்மை இல்லாமல் இல்லை. தான் பழக்கத்தால் செய்துவந்ததற்கு ஒரு பெயர் கிடைக்கும், வேறு மாதிரியும் செய்யலாம் என்று தெரியவரும். ஆனால் சீன மொழியில் நடக்கும் வகுப்பில் பக்கத்து நாற்காலியில் இருப்பவரும் சீன முதலாளிதான். பலர் அங்கே சேர்வதே அந்த 'தோங்ஷ்வே' உறவுக்காக, அதாவது கூடப் படித்தவர் என்ற பந்தத்துக்காக. அதைக் குறை சொல்லவில்லை, தொழிலுக்கு அது உதவும். வெளிநாட்டவரோடு பழக உதவாது. பல நாட்டினர் கலந்த ஆங்கில வகுப்பு எவ்வளவோ மேல். அங்கே ஒரு பிரெஞ்சுக்காரர் உங்களை மறுத்துப் பேசுவார். ஆனாலும் அந்த மறுப்பால் எதையும் இழக்கப் போவதில்லை என்பதால் அது மனதில் தங்குவதில்லை.

இன்னொன்று, இந்த வழி எல்லாருக்கும் திறந்தும் இல்லை. 2014-இல் கட்சி அதிகாரிகளும் அரசு நிறுவனத் தலைவர்களும் இத்தகைய விலையுயர்ந்த படிப்புகளில் சேரக் கூடாது என்று உத்தரவு வந்தது. பலர் பாதியில் விலகினார்கள்.

அடுத்து, வாங்கிய கம்பெனியில் கற்பது. இதிலேயே இரண்டு குணம் உண்டு. கண்ணாடி தயாரிக்கும் ஃபூயாவோ நிறுவனத்தின் சாவ் டெவாங், ஓஹாயோ மாநிலத்தின் மொரெயினில் ஜெனரல் மோட்டார்ஸ் மூடிவிட்டுப் போன ஆலையை வாங்கி 2016-இல் திறந்தார். வேலையிழந்த ஊருக்கு அது பெரிய வரம். ஆனால் வேகம், பாதுகாப்பு, சம்பளம் எல்லாவற்றிலும் உரசல். சாவ் சொன்னதுதான் முடிவு, அவரை மறுக்கும் இடத்தில் யாரும் இல்லை. தொழிலாளர்களின் அதிருப்தி கடைசியில் தொழிற்சங்கம் வேண்டுமா வேண்டாமா என்ற வாக்கெடுப்பாக வெளியே வந்தது. 2017 நவம்பரில் சங்கம் 868-க்கு 444 என்ற கணக்கில் தோற்றது. நிர்வாகம் ஜெயித்தது என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் ஆட்கள் 444 பேர் என்ன நினைக்கிறார்கள் என்பதை ஓட்டுப்பெட்டி வழியாகத் தெரிந்துகொள்வது எந்த முதலாளிக்கும் தாமதமான பாடம்.

கார் தயாரிக்கும் ஜீலி நிறுவனத்தின் லி ஷூஃபூ வேறு மாதிரி. 2010-இல் ஃபோர்டிடமிருந்து வோல்வோவை வாங்கியபோது, "ஜீலி ஜீலிதான், வோல்வோ வோல்வோதான்" என்றார். வோல்வோவின் தலைமையகம் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கிலேயே இருந்தது. சீனச் சந்தைக்குப் பெரிய, பகட்டான கார்கள் வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். ஸ்வீடனில் இருந்தவர்கள் அடக்கமான வடிவம்தான் வோல்வோவின் அடையாளம் என்று மறுத்தார்கள். பணம் போட்டவர் அவர். நினைத்திருந்தால் அவர்களை மீறியிருக்கலாம். மீறவில்லை. 2010-இல் சுமார் 3,73,000 கார்கள் விற்ற வோல்வோ, 2019-இல் 7 லட்சத்தைத் தாண்டியது. இதற்கு வேறு காரணங்களும் உண்டு, சரி. ஆனால் கேட்டுக்கொள்ளத் தெரிந்த முதலாளி என்பதும் அவற்றில் ஒன்று என்பேன்.

மூன்றாவது, போய் வாழ்வது. என் ஓட்டு இதற்குத்தான், லெனோவோவை வழிநடத்திய யாங் யுவான்சிங்கைப் பார்த்த பிறகு. 1990களின் கடைசியிலேயே, தன்னை 'யாங் சோங்' என்று பதவி சேர்த்து அழைக்காமல் வெறும் 'யுவான்சிங்' என்று அழைக்கச் சொல்லி, அலுவலக வாசலில் நின்று ஊழியர்களோடு கைகுலுக்கியவர். நம் ஊர் ஆபீஸில் எம்டியை 'சார்' போடாமல் கூப்பிடுவது எவ்வளவு கஷ்டமோ, அங்கேயும் அவ்வளவு கஷ்டம். ஐபிஎம் பிரிவு கைக்கு வந்ததும் கம்பெனியின் அலுவல் மொழியை ஆங்கிலமாக்கினார். அப்போது அவருக்கே ஆங்கிலம் சரளமாக வராது. குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபோனார். எனக்கு முக்கியமாகப் படுவது, முன்பு தான் வகித்த தலைமைச் செயல் அதிகாரி பதவியில் அவர் முதலில் உட்காரவில்லை. அதை ஓர் அமெரிக்கரிடம் விட்டுத் தான் தலைவராக இருந்தார். தினமும் தன்னோடு சமமாக நின்று மறுத்துப் பேசும் ஒருவரோடு வேலை பார்த்தார்.

அது சுகமான பாதை அல்ல. 2008-09 நிதியாண்டில் லெனோவோ 22.6 கோடி டாலர் நஷ்டம் கண்டது. 2009-இல் யாங் மீண்டும் தலைமைச் செயல் அதிகாரியானார். உயர்மட்டக் குழுவில் சீனர் பாதி, வெளிநாட்டவர் பாதி என்று வைத்துக்கொண்டார். 2013-இல் உலகக் கணினி விற்பனையில் கம்பெனி முதலிடம் பிடித்தது.

வெளிநாட்டுக்கு அனுப்பினாலே போதும் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கட்டுமான வேலைக்குப் போகும் எத்தனையோ சீனக் குழுக்கள் முகாமுக்குள்ளேயே தங்கி, சீனச் சமையல்காரர் கையால் சாப்பிட்டு, மூன்று வருடம் முடித்து ஊர் திரும்பிவிடுகின்றன. விமானம் ஏறினார்கள், ஆனால் வேறு நாட்டில் வாழவில்லை. இதைவிட ஷாங்காயில் நல்ல கலப்பு வகுப்பில் உட்காருவது பயனுள்ளது.

பக்கத்தில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லாத இந்தக் குறை இலங்கையில் தமிழர்களையும் நேராகத் தொட்டது. 2021 மே மாதம் கொழும்பில், சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியோடு திறக்கப்பட்ட மின்னூலகத்தின் பெயர்ப்பலகையில் சிங்களம், ஆங்கிலம், சீனம் இருந்தன. நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றான தமிழ் இல்லை. எதிர்ப்பு வந்தபின் பலகையை அகற்றினார்கள். அது கம்பெனி விவகாரம் அல்லதான். ஆனால் கொழும்புத் துறைமுகத்திலும் அம்பாந்தோட்டையிலும் நீண்ட காலக் குத்தகையோடு இருக்கும் சீன நிர்வாகிகளுக்கு அது நல்ல பாடம். திரை விலக்கும் முன் பக்கத்து மேசைத் தமிழரிடம் பலகையைக் காட்டியிருந்தால், அவர் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

அதனால் ஒரு கம்பெனி என்னிடம் கேட்டால், வகுப்பு முதலில் என்ற வரிசையை மாற்றச் சொல்வேன். முதலில் இரண்டு வருடம் வெளியே, முகாமில் அல்ல, ஊருக்குள் வீடு எடுத்து, உள்ளூர்க்காரர் ஒருவரை மேலதிகாரியாகவோ சமமானவராகவோ வைத்து. அப்புறம் வகுப்பு. பட்ட அடிகளைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவருக்குத்தான் அங்கே கேட்க உண்மையான கேள்விகள் இருக்கும்.