சுவர் ஓரத்துக்கு எது: இட்லிப்பூவா, அரளியா, நந்தியாவட்டையா?

வீட்டு முன்பக்கச் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு மண் கிடக்கிறது. வருடம் முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும், பூவும் வேண்டும், ஆனால் தினமும் சீராட்ட நேரமில்லை. நர்சரியில் இப்படிச் சொன்னால் முதலில் எடுத்துக் காட்டுவது இட்லிப்பூச் செடியைத்தான். எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் ஆறு செடி வந்து சேர்ந்தது.

இட்லிப்பூவின் அழகில் குறை சொல்ல முடியாது. கொத்துக் கொத்தாகச் சிவப்பு, வெட்ட வெட்டப் புதுத் துளிர், துளிர் நுனியில் மறுபடியும் கொத்து. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செடி. ஆநிரை கவரப் போன வீரர்கள் சூடியதாகச் சங்கப் பாட்டில் வரும் வெட்சி இதுதான் என்பார்கள். சின்ன வயதில் இந்தப் பூவின் அடியை உறிஞ்சித் தேன் குடிக்காத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை.

ஆனால் கொஞ்சம் புளிப்புத்தன்மை உள்ள மண்தான் அதற்குப் பிடிக்கும். சுவர் ஓரத்து மண்ணில் வீடு கட்டியபோது உதிர்ந்த சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்து கிடக்கும். போதாக்குறைக்கு எங்கள் போர் தண்ணீர் உப்பு. மண் புளிப்புக்கு எதிராகக் காரமாகிவிட்டால், அதில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. ஆறே மாதத்தில் துளிர் இலைகள் எலுமிச்சை மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக நின்றன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அதே உப்புத் தண்ணீரை இன்னும் ஊற்றினேன்! அப்புறம் ஒருவர் சொல்லி, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்புச் சத்துள்ள உப்பு) கரைத்து இலையில் தெளித்தேன். பச்சை திரும்பியது, இரண்டு மாதத்தில் மறுபடியும் மஞ்சள். கடைசியில் செம்மண்ணும் தொழு உரமும் கலந்த தொட்டிகளுக்கு மாற்றிய பிறகுதான் அவை தேறின. இட்லிப்பூ தொட்டிக்கு ராஜா, சுவர் ஓரத்துக்கு நோயாளி.

செம்பருத்தியையும் யோசித்தேன். பூ ஒரு நாளில் வாடினாலும் மறுநாள் புதிது வரும். மாவுப்பூச்சிதான் தொல்லை. வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலுமாக வாராவாரம் நிற்கத் தயாரானவர்கள் வைக்கலாம். நான் தயாரில்லை.

அரளிக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. உப்புத் தண்ணீர், வெயில், வறட்சி எதற்கும் அசையாது. நெடுஞ்சாலை நடுவில் அதை வரிசையாக நட்டிருப்பது சும்மா இல்லை. சிக்கல் ஒன்றுதான், ஆனால் பெரியது: இலை, பூ, தண்டு, வேர் அத்தனையும் விஷம். கவாத்து செய்த குச்சிகளைக் கொளுத்தினால் புகையும் ஆகாது. தவழும் குழந்தையோ, கண்டதைக் கடிக்கும் நாய்க்குட்டியோ இருக்கிற வீட்டில் நான் வைக்கச் சொல்ல மாட்டேன்.

சரி, மிஞ்சியது நந்தியாவட்டை. இலையைக் கிள்ளினால் இதிலும் பால் வடியும், அரளியின் குடும்பம்தானே. அதனால் வாயில் வைக்கிற செடியல்ல. ஆனால் இட்லிப்பூ மஞ்சளித்த அதே குழியில் இது கரும்பச்சையாக நிற்கிறது. பாதி நாள் நிழலிலும் பூக்கிறது. ஒற்றை, அடுக்கு என இரண்டு வகை கிடைக்கும். காற்றாடி மாதிரி இதழ் திரும்பிய ஒற்றைதான் எனக்குப் பிடித்தது. அடுக்குப் பூ மழையில் நனைந்தால் பழுப்பேறிச் செடியிலேயே தொங்கும். வாசம் இரவில்தான் தெரியும். விடிந்தால் பூஜைக்குப் பறிக்கப் பக்கத்து வீட்டு அக்கா கிண்ணத்தோடு வந்துவிடுவார். நிறம் வெள்ளை ஒன்றுதான், சிவப்பு வேண்டும் என்பவர்களுக்கு ஏமாற்றம்.

மழைக்காலத்தில் விரல் தடிமனுக்கு ஒரு பச்சைப் புழு வரும். தலைப்பக்கம் இரண்டு நீலப் புள்ளிகள், பார்த்தால் கண் மாதிரியே முறைக்கும். அரளியையும் நந்தியாவட்டையையும் தின்னும் இது, பின்னால் பச்சை நிறத்தில் பெரிய அந்துப்பூச்சியாகப் பறக்கும். ஒரே இரவில் கிளையை மொட்டையடித்தாலும் செடி துளிர்த்துவிடுகிறது. கேட்டுக்குப் பக்கத்துச் செடியில் மட்டும் புழுவை எடுத்துப் போடுகிறேன். கடைசிச் செடியை அதற்கே விட்டாயிற்று.